பெயரையும் விலையையும் குத்தகைக்கு விடாதீர்கள்

இலங்கையில் நமது தேசிய பூங்காக்களின் கூடாரத் தளங்களைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று நண்பர்கள் பலர் எழுதுகிறார்கள். அவர்களின் எரிச்சல் புரிகிறது. அரசு நடத்தும் தங்குமிடங்களில் தண்ணீர்த் தாங்கி வற்றிக் கிடக்கும், மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இருக்காது, முறையிட்டால் கொழும்புக்கு எழுதச் சொல்வார்கள். அதற்காக ஒரு கம்பனியின் கையில் திறப்பைக் கொடுப்பது வன்னிக்கு நல்லதல்ல.

தனியார்மயத்துக்கு எல்லோரும் உதாரணம் காட்டும் அமெரிக்காவையே பாருங்கள். யோசெமிட்டி பூங்காவில் விடுதிகளை டெலவெயார் நோர்த் என்ற நிறுவனம் ஒப்பந்தத்தில் நடத்தி வந்தது. 2015இல் அடுத்த ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குப் போனதும், டெலவெயார் நோர்த் அங்குள்ள பழைய பெயர்கள் தன்னுடைய வணிகச் சின்னங்கள் என்று வழக்குத் தொடுத்தது. 1927 முதல் அவானி என்று அழைக்கப்பட்ட ஹோட்டலின் பெயரையே 2016இல் மாற்ற வேண்டியதாயிற்று. 2019இல் 12 மில்லியன் டொலருக்கு இணக்கம் கண்ட பிறகுதான் பழைய பெயர்கள் திரும்பின. ஒரு நாட்டு மக்கள் தங்கள் சொந்தப் பூங்காவின் பெயருக்காக ஒப்பந்தக்காரருடன் வழக்காட நேர்ந்தது! நமது வில்பத்து பூங்காவின் இயற்கைக் குளங்களான காளி வில்லுவுக்கும் பணிக்கர் வில்லுவுக்கும் அந்த நிலை வரக்கூடாது.

அதே நாட்டின் யெலோஸ்டோன் பூங்காவில் மொத்தம் 12 கூடாரத் தளங்கள். பெரிய ஐந்தைத் தனியார் நிறுவனம் நடத்துகிறது, சிறியவை அரசின் தலையில். இங்கும் அதுதான் நடக்கும். கூட்டம் வரும் வில்பத்துவுக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். 2015இல் தேசிய பூங்காக்களாக்கப்பட்ட மடு வீதியையும் சுண்டிக்குளத்தையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த நாட்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் நடத்தினாலும் விலைக்கு அரசின் அங்கீகாரம் வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசூலாகும் கட்டணத்தில் பொதுவாக 80 வீதத்துக்குக் குறையாமல் வசூலான இடத்திலேயே செலவிடப்படுகிறது. அரசு நிர்வாகம் என்றால் பணம் தலைநகருக்குப் போய்த்தான் தீரும் என்ற விதி எங்கும் இல்லை. கொண்டி இல்லாத கதவு அரசின் கையில் இருப்பதால் அப்படிக் கிடக்கவில்லை. அதைத் திருத்தும் பணமும் அதிகாரமும் அந்தக் கதவுக்கு அருகில் இல்லாததால் கிடக்கிறது.

அதே நேரத்தில், அரசு என்றவுடன் நம்பிவிடவும் என்னால் முடியாது. போர் முடிந்த பிறகு சுண்டிக்குளத்தில் விடுமுறை விடுதி நடத்தியது இராணுவம். அதுவும் அரசுதான். சுண்டிக்குளம் களப்பை நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்கு அதில் என்ன பங்கு இருந்தது? வில்பத்துவிலும் அப்படித்தான். யானை மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம் வருகிறது, பயிரை மிதிக்கிறது. டிக்கெட் கிழிப்பது அனுராதபுரப் பக்கத்து ஹுனுவில்கம பிரதான வாயிலில்.

நான் கேட்பது இதைத்தான். நிலம், பெயர், விலை, முன்பதிவு ஆகிய நான்கும் வனஜீவராசிகள் திணைக்களத்திடமே இருக்கட்டும். சமையல், துப்புரவு, படகு, வழிகாட்டல், இரவுக் காவல் ஆகிய வேலைகளைப் பக்கத்து ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் ஒப்பந்தமாகக் கொடுங்கள். பூநாரை எந்த மாதம் எந்தக் கரையில் இறங்கும், எந்த இடத்தில் கூடாரம் அடித்தால் மாரி வெள்ளம் ஏறும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வருமானத்தில் ஒரு பங்கு ஊருக்குக் கிடைத்தால் காட்டுக்குள் விலங்கு பிடிக்கக் கம்பிக் கண்ணி கட்டுபவனை ஊரே தட்டிக் கேட்கும் என்பது என் நம்பிக்கை.

சங்கங்களில் கணக்குத் தகராறு வராதா என்பீர்கள். வரும். ஆனால் பொதுக்கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து நின்று பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கலாம். கூட்டுறவுச் சங்கமானால் கூட்டுறவு உதவி ஆணையாளர் பேரேட்டைத் திறந்து பார்ப்பார். கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பனியிடம் அந்த அக்கா எந்தக் கதவைத் தட்டுவார்?

இந்தப் பூங்காக்களை அண்டிய கண்டாவளை, முசலி, மடு பிரதேசங்களில் இருப்பவர்கள் அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள். எந்தக் கூடாரத் தளத்துக்குக் கேள்விப்பத்திரம் கோருவதானாலும், நிபந்தனைகளை முதலில் தமிழில் வெளியிட்டு, ஊர்ச் சங்கங்கள் விண்ணப்பிக்கப் போதிய அவகாசம் தரவேண்டும் என்று கேளுங்கள். கடிதம் எழுத ஆள் தேவையென்றால் நான் எழுதித் தருகிறேன்.