தலை குனியாமல் வாங்க முடிகிறதா?

உதவி வாங்குவது சுலபமான காரியம் இல்லை. ஒரு மா பக்கெட்டுக்காக முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் வரிசையில் நின்று, பெயர் கூப்பிடும்போது போய்க் கை நீட்டி, கமராவைப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிட்டு வர வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில், அதற்கு முன் ஒருவரிடமும் கை நீட்டாத எத்தனையோ குடும்பங்கள் கொழும்பில் அந்த நிலைக்கு வந்தன. காஸ் வரிசையில் நின்றவர்கள்தான் நிவாரணப் பொதி வரிசையிலும் நின்றார்கள். அந்த நேரத்தில் நம் கோயில்களும் சபைகளும் செய்ததைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பசித்தவர்களுக்குச் சோறு போட்டார்கள், அது பெரிய காரியம். ஆனால் அன்று எடுத்த படங்கள் இன்றும் பேஸ்புக்கில் கிடக்கின்றன. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு இப்போது விவரம் தெரிகிற வயது. வகுப்பில் யாராவது அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினால் அதன் மனசு என்ன பாடுபடும்?

வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். கொடுப்பவருக்குத் தற்பெருமை வரக்கூடாது என்பதற்காகச் சொன்னது என்றுதான் நமக்குப் பிரசங்கம் வைப்பார்கள். அந்த வசனம் வாங்குகிறவரின் மானத்தையும் காப்பாற்றுகிறது.

யோவான் 13ஆம் அதிகாரத்தை ஆற அமர வாசித்துப் பாருங்கள். புழுதித் தெருவில் நடந்து வந்த கால்களைக் கழுவுவது அந்தக் காலத்தில் அடிமையின் வேலை. இயேசு மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அதைச் செய்கிறார். பேதுரு மறுக்கிறார், என் காலைக் கழுவ ஒருநாளும் விடமாட்டேன் என்கிறார். அதைப் பணிவு என்று சொல்வார்கள். எனக்கு அது கூச்சமாகத்தான் தெரிகிறது. நான் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று ஆண்டவர் சொன்ன பிறகே வழிக்கு வருகிறார். கொடுப்பவர் ஆண்டவரே என்றாலும் வாங்கிக்கொள்வது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது. அத்தனைக்கும் அங்கே கீழே இருந்தவர் இயேசு, மேலே இருந்தவர் பேதுரு. நாம் பொதி கொடுக்கும்போது மேடையில் நிற்பது நாம்.

இன்னொன்று. அவரைக் காட்டிக்கொடுக்க இருந்த யூதாசின் காலும் அன்றைக்குக் கழுவப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தால்தான் பொதி என்று பேரேடு வைத்திருக்கும் இடங்கள் நம் நகரத்தில் உண்டு. அவர்கள் இந்த அதிகாரத்தை எப்படிக் கடந்து போகிறார்கள் என்று எனக்கு விளங்குவதேயில்லை.

பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேரின் கால்களை ஃபாதர் கழுவித் துடைக்கும்போது எனக்கு எப்போதும் கண் கலங்கும். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தச் சடங்கை ரோமில் இளம் குற்றவாளிகளின் சிறைக்குக் கொண்டுபோய், முஸ்லிம்களும் பெண் பிள்ளைகளும் இருந்த வரிசையில் முழங்காலிட்டார். நம் ஊரில் அந்தப் பூசை முடிந்து வீட்டுக்குப் போனால் என்ன நடக்கிறது? மலையகத்திலிருந்து வந்து நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குத் தனிக் கோப்பை. கைப்பிடி போன கோப்பை, குசினி யன்னலோரம் கவிழ்த்து வைத்திருப்பது. சிலுவை மாட்டிய வீடுகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன். இது சின்ன விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

பணிவான அன்பு எப்படி இருக்கும் என்பதை நான் கிட்ட நின்று பார்த்தது ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில்தான். எங்கள் கோயில் பங்கில் ஒரு அக்கா இருக்கிறார், ஓய்வூதியக்காரர். சிங்களம் தெரியாத நோயாளிகளோடு கிளினிக் நாளில் கூடப் போய் இருப்பார். விடிய முன்னம் போய் நம்பர் எடுப்பது, டொக்டர் கேட்பதைத் தமிழில் சொல்வது, அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வது, அவ்வளவுதான் அவருடைய ஊழியம். ஒருநாள் நானும் போனேன். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா. மருந்து கொடுக்கும் ஜன்னலில் "உதேட்ட எக்காய், ரேட்ட தெக்காய்" (காலைக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு) என்று சிங்களத்தில் சொல்லி, சின்னக் கடதாசி உறைகளைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா அவசரப்படவில்லை. வாங்கில் இருத்தி, காலைக் குளிசை உறையில் சூரியனும் இரவுக் குளிசை உறையில் பிறையும் பேனையால் கீறி, எத்தனை குளிசையோ அத்தனை புள்ளி வைத்துக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அவர் கேட்கவேயில்லை, கவனித்திருக்கிறார்.

பிறகு அந்த அம்மா பையிலிருந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் எடுத்து, "சாப்பிடுங்க தாயி" என்று நீட்டினார். நானாக இருந்தால், வேண்டாம் அம்மா, உங்களுக்குத் தேவைப்படும் என்று நல்ல மனசோடு சொல்லியிருப்பேன். அக்கா வாங்கிப் பாதியைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, சம்பலுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டார். காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்த அந்த அம்மா அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார். மகளைப் பற்றி, கொழுந்து எடுத்த காலத்தைப் பற்றி, நெஞ்சில் இருக்கும் வலியைப் பற்றி. டொக்டரிடம் சொல்லாத வலி அது. அதற்காகத் திரும்பவும் உள்ளே போனோம்.

இந்த வழி நம் மண்ணுக்குப் புதிதில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து இறங்கியவர் புனித யோசப் வாஸ் அடிகளார். தமிழும் சிங்களமும் படித்தார். கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அதே கண்டியில் 1697இல் பெரியம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரர்களே விட்டுவிட்டுப் போனபோது, அவர்களுக்குக் குடிசை போட்டு, புண் கழுவி, செத்தவர்களைப் புதைத்தது அவரும் அவருக்கு மருமகன் முறையான குருவானவரும்தான். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் கொடி பிடித்துக்கொண்டு போனோம். சுருபமும் வைத்தோம். அந்தப் புண் கழுவுகிற வேலைக்கு எத்தனை பேர் போகிறோம்?

நாமும் வாங்கியவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்று நாரஹேன்பிட்டி இரத்த வங்கி வாசலில் எல்லா மதத்துச் சனமும் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தது. நம் காயத்துக்கு ஏறிய இரத்தம் யாருடையது என்று நமக்குத் தெரியாது. குண்டு வைத்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்ற கோபத்தில் அடுத்த மாதமே மினுவாங்கொடையிலும் சிலாபத்திலும் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. கொழும்பில் நம் ஆட்கள் பலர் பழகிய முஸ்லிம் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். அந்த வாரங்களில் வேண்டுமென்றே அதே கடைக்குப் போய், சலாம் சொல்லிச் சாமான் வாங்கி வந்த சில கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும். உறவுகளை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்னால் என் விசுவாசம் மிகச் சிறியது.

ஒரு வேண்டுகோள். இரண்டு மொழியும் பேசத் தெரிந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வெள்ளவத்தையிலும் நிறையப் பேர் இருக்கிறோம். மாதத்தில் ஒரு காலை நேரத்தை ஒதுக்க முடிந்தால் உங்கள் பங்கிலோ சபையிலோ பெயரைக் கொடுத்து வையுங்கள். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று தூரத்திலிருந்து தமிழ்ச் சனம் வந்துகொண்டேயிருக்கிறது. எந்தப் பஸ் எடுப்பது, எங்கே தங்குவது என்பதிலிருந்தே அவர்களுக்குக் கூட ஒரு ஆள் வேண்டும்.