ஐந்து கேள்வியும் கொன்றவனைப் பற்றியே

மகளுக்குப் பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தில் நிஜமாக நடந்த ஒரு கொலையைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய ‘இன் கோல்ட் பிளட்’ புத்தகம் பாடம். அவளோடு சேர்ந்து நானும் படித்தேன். முடித்த அன்று அசைன்மென்ட் தாளைக் காட்டினாள். மனசு கனத்துவிட்டது. ஐந்து கேள்விகள், ஐந்துமே கொன்ற இருவரில் ஒருவனான பெர்ரி ஸ்மித்தைச் சுற்றி. அவன் பட்ட அடி, அவன் கண்ட கனவு, அவன்மேல் நமக்கு ஏன் இரக்கம் வருகிறது.

செத்துப்போன நான்கு பேரைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

1959 நவம்பர் 15, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சின்ன ஊர். அங்கே கிளட்டர் குடும்பத்தின் பண்ணை வீட்டில் பெட்டகம் நிறையப் பணம் இருப்பதாகச் சிறையில் ஒருவன் சொன்னதை நம்பி, பெர்ரியும் ரிச்சர்ட் ஹிக்காக்கும் இரவில் உள்ளே புகுந்தார்கள். பெட்டகமே கிடையாது. ஹெர்பர்ட் கிளட்டர், மனைவி போனி, 16 வயது நான்சி, 15 வயது கென்யன் எல்லாரையும் கொன்றுவிட்டுப் போனார்கள். கிடைத்த பணம் 50 டாலர்கூடத் தேறாது.

சாவதற்கு முந்தின பகலில் நான்சி ஒரு சின்னப் பெண்ணுக்கு செர்ரி பை செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். கென்யன் அக்கா கல்யாணத்துக்காகத் தன் கையாலேயே ஒரு மரப்பெட்டி செய்து, வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் கபோட்டி அழகாகத்தான் எழுதியிருக்கிறார், நானே இரண்டு இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆனால் முதல் பகுதி முடிந்ததும் அந்தக் குடும்பம் மெல்ல மறைந்துவிடுகிறது. கொன்றவர்களைச் சிறையில் போய்ப் பார்த்து வருடக்கணக்கில் பேச அவரால் முடிந்தது. செத்தவர்களிடம் எப்படிப் பேசுவது? புத்தகம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வகுப்பில் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

அப்புறம் இன்னொன்று. எல்லாம் நடந்தது நடந்தபடியே என்றார் கபோட்டி. பேட்டி எடுக்கும்போது டேப் ரெக்கார்டர் இல்லை, குறிப்பும் எடுக்கவில்லை, நினைவிலிருந்தே எழுதினேன் என்றும் சொன்னார். ஆனால் கடைசிக் காட்சி, துப்பறிந்த ஆல்வின் டூயி கல்லறைத் தோட்டத்தில் நான்சியின் தோழியைச் சந்திப்பது, நடக்கவே இல்லை. பெர்ரியும் ஹிக்காக்கும் 1965 ஏப்ரல் 14 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். தூக்குமேடையோடு கதையை முடிக்கக் கபோட்டிக்கு மனம் வரவில்லை போலும். நாவலில் அப்படி ஒரு காட்சியைச் சேர்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இது நிஜமாகச் செத்தவர்களின் கதை, அந்த வீட்டின் மூத்த பெண்கள் இருவர் அப்போது உயிரோடு இருந்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளால் இதைப் பற்றி நன்றாகவே யோசிக்க முடியும். நாம்தான் கேட்பதில்லை.

மகளிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். மறுநாள் ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, தாளின் அடியில் ஆறாவது கேள்வியைத் தானே எழுதிக்கொண்டு வந்தாள்: “கென்யன் செய்த பெட்டியைப் பற்றிக் கபோட்டிக்கு யார் சொல்லியிருப்பார்கள்?” இப்போது அதற்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள், இரண்டாவது பக்கம் வந்துவிட்டது.