சமர் இன்டர்ன்ஷிப் தேடும் தங்கச்சிக்கு

போன கிழமை ஒரு தங்கச்சி இன்பொக்ஸில் வந்து, "அண்ணா, சமர் இன்டர்ன்ஷிப், ரிசேர்ச் ஏதாவது இருந்தால் லிங்க் அனுப்புங்கோ" என்று கேட்டிருந்தாள். டிசைன் படிக்கிறாள், மூன்றாம் வருடம். வருடத்துக்குப் பத்துப் பேராவது இப்படிக் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சொல். கொழும்பில் ஏது சமர்? வெளிநாட்டுக்காரர் கோடை விடுமுறை விடுகிற ஜூனில் நமக்குத் தென்மேற்குப் பருவமழை. கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் கம்பஸ் கலண்டரைக் குழப்பிவிட்ட பிறகு, அந்தக் கோடை மாதங்களில் யாருக்கு லீவு, யாருக்குச் சோதனை என்பது பட்சுக்குப் பட்ச் வேறு. தமிழில் சமர் என்றால் போர். இங்கே இன்டர்ன்ஷிப் தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பொருள்தான் பொருந்தும்.

சரி, கேட்ட லிங்குகள். கூகிளின் சமர் ஒஃப் கோட், அதாவது திறந்த மூல மென்பொருள்களுக்குக் கோட் எழுதும் திட்டம், 2005இல் தொடங்கியது. முதல் பத்து வருடத்தில் உலகிலேயே அதிக மாணவர்களை அதற்குள் அனுப்பியது நம்முடைய மொரட்டுவைப் பல்கலைக்கழகம். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம், காசும் தருவார்கள். 2022இலிருந்து மாணவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோட் எழுதாதவர்கள் அவுட்ரீச்சியைப் பாருங்கள், அதுவும் திறந்த மூலத் திட்டங்களில் வீட்டிலிருந்தே செய்யும் இன்டர்ன்ஷிப்தான். டிசைன் வேலையும் உண்டு, மூன்று மாதத்துக்கு 7,000 டொலர், வருடத்தில் இரண்டு சுற்று. ஜப்பானில் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்பப் பட்டதாரிப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி இன்டர்ன்களுக்கு விமானச் சீட்டு, தங்குமிடம், நாட்படி எல்லாம் கொடுக்கிறது. ஜெனீவாவில் சேர்ன் பௌதிகவியல் ஆய்வுக்கூடத்தின் கோடைகாலத் திட்டங்கள் பெரும்பாலும் ஜனவரி கடைசியோடு மூடிவிடும். சித்திரை வருடத்துக்கு ஊருக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்து தேடினால் பிந்திவிடும். ஒக்டோபரிலேயே பார்க்கத் தொடங்குங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதற்கும் முன்னமே பத்தரமுல்லை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நில்லுங்கள்.

லிங்க் அவ்வளவுதான். இதை யாரும் கூகிளில் தேடி எடுக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு.

என் முதல் இன்டர்ன்ஷிப் கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில். பெயர் வேண்டாம். ஆறு மாதம், சம்பளம் இல்லை. "அனுபவம் கிடைக்கும் தானே" என்றார்கள். வெள்ளவத்தையில் போர்டிங் காசு, கடைச் சாப்பாடு, 100ஆம் நம்பர் பஸ் எல்லாம் அப்பா மட்டக்களப்பிலிருந்து அனுப்பிய காசில். யோசித்துப் பார்த்தால் அந்த நிறுவனத்துக்கு ஒரு ஊழியரை அப்பாதான் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். கொழும்பில் வீடு உள்ள பிள்ளைக்குச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் வெறும் சலிப்பு. கிளிநொச்சியிலிருந்தோ பதுளையிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு அது கடன். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போர்டிங் காசுக்காவது காணாத இன்டர்ன்ஷிப்பை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

அங்கே எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? தமிழ் டைப்பிங். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் டிசைன் முடிந்த பிறகு கடைசியாக மிஞ்சிய மூலையில் தமிழைத் திணிப்பது என் பொறுப்பு. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கும் பொத்தான் தமிழில் "சமர்ப்பிக்கவும்" என்று ஒன்பது எழுத்தாகிப் பெட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வாடிக்கையாளர் பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்டில் அடித்து அனுப்பியதை யுனிகோட் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கே அரைப்புள்ளித் தட்டைத்தானே அழுத்துவோம்.

ஒருநாள் பல் வைத்தியர் ஒருவருடைய போஸ்டர். வரிகளை நெருக்கி வைத்ததில் மேலே இருந்த புள்ளி வெட்டுப்பட்டுப் போய், "பல் வைத்தியம்" என்பது "பல வைத்தியம்" என்று அச்சாகிவிட்டது. ஏச்சு எனக்குத்தான். வரியை நெருக்கியவர் வேறு ஆள், ஆனால் தமிழ் என்றால் நான் தானே.

அப்போது அவமானமாக இருந்தது. அது ஒரு ஆராய்ச்சிக் கேள்வி என்று எனக்கு உறைக்க நான்கு வருடம் போனது. லத்தீன் எழுத்துக்கு அளந்த வரி இடைவெளியில் தமிழை வைத்தால் எங்கெல்லாம் வெட்டுப்படும்? மூன்று மொழிப் படிவத்தில் ஒரு தமிழர் எந்த இடத்தில் அலுத்துப்போய் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்? இதை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பலகையில் இடத்துக்கு அடிபடுகிற இந்த நகரத்தைவிட அதற்கு நல்ல ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது?

பேராசிரியர்களுக்கு எழுதுகிற மெயில்களைப் பிள்ளைகள் திருத்தச் சொல்லி எனக்கு அனுப்புவார்கள். பத்தில் எட்டு ஒரே மாதிரி இருக்கும். ஆர்வம் உண்டு, கடின உழைப்பாளி, உங்கள் லாபில் இடம் தந்தால் பாக்கியம். இதில் அவர் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் நடந்து நாற்பது பெயர்ப்பலகையைப் படமெடுத்தேன், தமிழ் இப்படி இப்படிச் சிதைந்திருக்கிறது, இதை அளக்கும் முறையை உங்களிடம் கற்க விரும்புகிறேன் என்று எழுதிப் பாருங்கள். பதில் வரும் என்று உத்தரவாதம் தர முடியாது. எனக்கே பல மெயில்களுக்குப் பதில் வரவில்லை. வந்த பதில்களெல்லாம் இந்த மாதிரி மெயில்களுக்குத்தான் வந்தன.

சுனாமிக்குப் பிறகு இங்கே தொண்டர்கள் எழுதிய சஹானா மென்பொருளும் அப்படித்தான் தொடங்கியது. காணாமல் போனவர்களை எப்படிப் பதிவு செய்வது, எந்த முகாமுக்கு என்ன வேண்டும் என்று கண்முன்னே நின்ற கேள்விகள். 2006இல் அதற்கு சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் அதே விருது விக்கிப்பீடியாவுக்கு.

அந்தத் தங்கச்சிக்கு லிங்குகளோடு இதையும் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன், மூன்று நாள் பதிலே இல்லை. நேற்று இரவு பன்னிரண்டு படங்கள் வந்தன, எல்லாம் 101ஆம் நம்பர் பஸ்களுக்குள் எடுத்தது. ஒன்றில் சீட்டுக்கு மேலே "கர்பிணித் தாய்மாருக்கு" என்று ஒரு ஸ்டிக்கர். கீழே எழுதியிருந்தாள்: "அண்ணா, இதில ஒரு 'ப்' இல்லை. எழுதினவருக்குத் தெரியாதா, இல்லாட்டி ஃபொன்ட் மாத்தேக்க விழுந்துபோச்சா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"