அடுக்குமாடிக் குடியிருப்பை நிர்வகிப்பது ஓய்வுநேர வேலை அல்ல

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் சதுர அடி விலையையும், நிலத்தில் தமக்கு வரும் பிரிபடாத பாகத்தின் அளவையும், வங்கிக் கடனுக்கான வட்டியையும் பலமுறை கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டடத்தை அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு யார் நிர்வகிக்கப் போகிறார்கள், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நம்மில் பெரும்பாலோரின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அடங்கியிருக்கும் ஒரு சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, அந்த ஆண்டு வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொதுக்குழுவில் மறுத்துப் பேச முடியாமல் போன யாரோ ஒருவரின் தோளில் ஏற்றிவிட்டு, மாதம் பிறந்தால் பராமரிப்புக் கட்டணம் அதிகம் என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். இந்த ஏற்பாடு இனி தாங்காது என்பதும், குடியிருப்பு நிர்வாகத்தைப் படித்துப் பயிற்சி பெற்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் தொழிலாக நாம் ஏற்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

சங்கச் செயலாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வங்கியிலோ அரசுப் பணியிலோ ஓய்வு பெற்ற பிறகு, நள்ளிரவில் லிஃப்ட் நின்றாலும் கோடையில் தண்ணீர் லாரி வராவிட்டாலும் முதலில் தம் கதவே தட்டப்படும் என்று தெரிந்தே பொறுப்பேற்றவர்களால்தான் இந்நகரத்தின் குடியிருப்புகள் இத்தனை காலம் ஓடியிருக்கின்றன. ஆனால் அவர்கள் பொறுப்பேற்ற கட்டடங்கள் மாறிவிட்டன. மயிலாப்பூரிலும் அசோக் நகரிலும் 1980-களில் கட்டப்பட்ட எட்டு வீட்டுக் கட்டடத்தில் ஒரு சம்ப், ஒரு மோட்டார், மாடியில் ஒரு தொட்டி, ஒரு வாட்ச்மேன் என்பதோடு நிர்வாகம் முடிந்தது. இன்று பழைய மாமல்லபுரம் சாலையிலோ பெரும்பாக்கம் பக்கமோ எழுந்து நிற்கும் முந்நூறு வீட்டு வளாகத்தில் பல லிஃப்டுகள், டீசல் ஜெனரேட்டர்கள், மின்மாற்றி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், தீயணைப்பு பம்புகள், கண்காணிப்புக் கேமராக்கள் என்று ஒரு சிறு தொழிற்சாலைக்குரிய இயந்திரங்கள் அத்தனையும் இருக்கின்றன. தொழிற்சாலையாக இருந்தால் பொறியாளர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட மாட்டார்கள்.

இயந்திரங்களைவிடவும் சட்டப் பொறுப்புகள் கனமானவை. சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். லிஃப்டுக்கு உரிமம் வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும். ஜிஎஸ்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயையும், ஒரு வீட்டின் மாதக் கட்டணம் 7,500 ரூபாயையும் தாண்டினால் 18 விழுக்காடு வரி உண்டு. அந்த வரி முழுத் தொகைக்கும் உரியது என்று வரித்துறை சொல்லிவந்த நிலையில், 7,500-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே வரி என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதம் 9,000 ரூபாய் கட்டும் வீட்டுக்கு ஒரு கணக்கில் 1,620 ரூபாய் வரி, மற்றொரு கணக்கில் 270 ரூபாய். இந்த வேறுபாட்டை அறிந்து முடிவெடுப்பதும், அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பதும் மாலை நேரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் செய்யும் காரியம் அல்ல.

பில்டரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும் தருணத்தை இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் அங்கே நழுவவிட்டது பிறகு கிடைப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை கண்டு எடுத்துச் சொன்னால், பில்டர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. பொதுப் பகுதிகளின் வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஐந்து ஆண்டுகளில் பெரும்பாலான சங்கங்கள் என்ன செய்கின்றன? முதல் இரண்டு ஆண்டுகள் சங்கம் அமைப்பதிலும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதிலும், கார் நிறுத்துமிடச் சண்டைகளிலும் போய்விடுகின்றன. மொட்டை மாடியின் நீர்க்காப்பு, அடித்தளத்தின் கசிவு, மின் பலகைகளின் எர்த்திங், தீயணைப்புக் குழாய்களின் அழுத்தம் ஆகியவற்றை ஒரு பொறியாளரைக் கொண்டு சோதித்து, குறைகளை எழுத்தில் அனுப்பி, ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளும் சங்கங்கள் குறைவு. கெடு முடிந்த பிறகு வெளிப்படும் ஒவ்வொரு கசிவும் உரிமையாளர்களின் சொந்தச் செலவு. நல்ல மேலாளர் ஒருவர் தம் பல ஆண்டுச் சம்பளத்தை இந்த ஒரே வேலையில் மீட்டுக் கொடுத்துவிடுவார்.

கசிவு என்ற சொல்லை நாம் மிக இலகுவாக எடுத்துக்கொள்கிறோம். மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும் ஈரத்தை, இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான மனத்தாங்கலாகவே கையாண்டு, வெள்ளையடித்து மறைத்துவிடுகிறோம். ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அடைந்தால் கம்பி துருப்பிடிக்கிறது; துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது; பிளவு வழியாக மேலும் நீர் இறங்குகிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இதை வேகப்படுத்துகிறது. தொடக்கத்தில் சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை, தூண்களுக்கு உறை போட்டு வலுவூட்டும் கட்டத்தை எட்டும்போது பல லட்சங்களாகிறது. இதை முன்கூட்டியே பார்க்க, எந்தச் சுவரில் எப்போது ஈரம் தெரிந்தது, எப்போது என்ன வேலை நடந்தது, யார் செய்தார்கள் என்ற தொடர்ச்சியான பதிவேடு வேண்டும். ஆண்டுக்கொரு செயற்குழு மாறி, பழைய ரசீதுகளும் வரைபடங்களும் முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணில் கிடக்கும் இடத்தில் அப்படியொரு பதிவேடு உருவாக வழியே இல்லை.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்ததை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். மயாமிக்கு அருகிலுள்ள சர்ஃப்சைடு நகரில் 1981-இல் கட்டப்பட்ட சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பெரும் பகுதி, 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தின் நீர்க்காப்பு பழுதாகி, அதன் கீழுள்ள கான்கிரீட் சேதமடைந்திருப்பதை 2018-ஆம் ஆண்டிலேயே ஒரு பொறியாளர் அறிக்கையாக எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவை யார் தருவது, எவ்வளவு தருவது என்று உரிமையாளர்களுக்குள் வாக்குவாதம் நீண்டது. நிர்வாகக் குழுவில் பலர் ராஜினாமா செய்தார்கள். ஒன்றரைக் கோடி டாலர் சிறப்புக் கட்டணத்துக்கு ஒருவழியாக ஒப்புதல் கிடைத்த சில வாரங்களில் கட்டடம் விழுந்தது. தொடக்க காலக் கட்டமைப்புக் குறைகளும் காரணமாகப் பேசப்படுகின்றன என்பது உண்மை. என்றாலும் மூன்று ஆண்டுகளாகக் கையில் எச்சரிக்கை இருந்தும், அண்டை வீட்டாரிடம் பணம் கேட்க வேண்டிய அண்டை வீட்டாரால் செயல்பட முடியாமல் போனதை மறுக்க முடியாது. பழுதுகளுக்காகச் சேமிக்க வேண்டிய நிதியை உரிமையாளர்கள் வாக்களித்தே தவிர்த்துக்கொள்ளலாம் என்று இருந்த விதியை புளோரிடா 2022-இல் இறுக்கி, மூன்று மாடிகளுக்கும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகள் கட்டமைப்புப் பழுதுகளுக்கான நிதியை ஆய்வு செய்து ஒதுக்கியே தீர வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

நம்முடைய சங்கங்களில் வீடு வாங்கும்போது வசூலித்த மூலதன நிதியின் வட்டியை அன்றாடச் செலவுக்கு எடுத்து, மாதக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. லிஃப்டுக்கு ஓர் ஆயுள் உண்டு, குழாய்களுக்கும் ஜெனரேட்டருக்கும் உண்டு, வெளிச்சுவர் வண்ணத்துக்கும் உண்டு. ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் மாற்றப்பட வேண்டியிருக்கும், அன்று என்ன விலை இருக்கும் என்று கணித்து, அதை மாதக் கட்டணத்தில் தனி வரியாகப் பிரித்து, தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். பத்து ஆண்டுகளில் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவரும் தாம் பயன்படுத்திய லிஃப்டின் தேய்மானத்துக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட்டுப் போவதே நியாயம். தேர்தலில் வென்ற செயலாளருக்கு இதைச் சொல்லும் துணிவு வருவது கடினம், ஏனென்றால் அவர் எல்லோரையும் தினமும் லிஃப்டில் சந்திக்கிறார். தொழில்முறை மேலாளர் ஒருவர் எழுத்தில் வைக்கும் கணக்கு அவருக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றை மட்டும் முழு மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன்: கட்டடப் பராமரிப்பை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் நிறுவனங்களிடம் கொடுத்துப் பார்த்தோம், செலவுதான் கூடியது, வேலை மாறவில்லை என்பது. பல குடியிருப்புகளில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது. காரணம், நாம் வாங்கியது நிர்வாகத்தை அல்ல, ஆட்களை. இத்தனை பாதுகாவலர்கள், இத்தனை துப்புரவுப் பணியாளர்கள், ஒரு மேற்பார்வையாளர் என்று தலைக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு, வந்த விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த விலையில் லாபம் காண, நிறுவனம் ஆட்களைக் குறைக்கும், அல்லது பழுதுபார்க்கும் வேலைகளை எடுப்பவர்களிடம் கமிஷன் பெறும். மேலாளரின் வருமானம் சங்கம் தரும் கட்டணத்திலிருந்து மட்டுமே வர வேண்டும், எந்த ஒப்பந்தக்காரரிடமும் எதுவும் பெறக் கூடாது என்ற ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர் மீட்டர், டீசல் அளவு, லிஃப்ட் நின்ற நேரம், சுத்திகரித்த நீரின் பரிசோதனை முடிவு ஆகியவற்றை மாதந்தோறும் எல்லா வீட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. மூன்றாவதாக, காசோலையில் கையெழுத்திடும் அதிகாரமும் ஆவணங்களின் உரிமையும் சங்கத்திடமே இருக்க வேண்டும். மேலாளர் திட்டமிட்டுச் செயல்படுத்துவார், செயற்குழு கேள்வி கேட்டு முடிவெடுக்கும்.

செலவைப் பற்றிய அச்சமும் பெரிதும் கணக்கிடாததால் வருவது. 50,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு தகுதியுள்ள பொறியாளரை 150 வீடுகள் சேர்ந்து நியமித்தால், வீட்டுக்கு மாதம் 333 ரூபாய் ஆகிறது.

சிக்கனம் என்ற பெயரில் நாம் பணியாளர்களின் வயிற்றில் அடிப்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. விலைப்புள்ளி குறைவாக இருப்பதற்கு, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பாதுகாவலருக்கு வருங்கால வைப்பு நிதியும் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் தொகையும் கட்டப்படாததே காரணமாக இருக்கக்கூடும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு இஎஸ்ஐ திட்டத்தின் கீழ் முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்த வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்தச் செலுத்துச்சீட்டைப் பெயர் பெயராகப் பார்த்த பிறகே ஒப்பந்தக்காரரின் பில்லுக்குப் பணம் தருவது என்பது ஒரு நல்ல மேலாளரின் அடிப்படை ஒழுக்கம். இதைவிடக் கொடியது கழிவுநீர்த் தொட்டி. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அத்தகைய மரணங்களுக்கு இழப்பீடாக 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் அடைப்பு எடுக்க ஆள் தேடும்போது, உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்குமே, சில மூச்சிலேயே மயங்கி விழுவாரே என்று யோசிக்காமல் கைபேசியில் கிடைத்த எண்ணுக்கு அழைக்கிற சங்கங்கள் இருக்கின்றன. ஓர் உயிர் போகக்கூடிய வேலையை, அதன் ஆபத்தை அறியாதவர்களின் பொறுப்பில் விட்டுவைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

எட்டு, பத்து வீடுகள் மட்டுமே உள்ள பழைய கட்டடங்கள் தனியாக மேலாளர் வைக்க முடியாது என்பது நியாயமான கேள்வி. சென்னையின் பெரும்பகுதி இத்தகைய கட்டடங்களால் ஆனது. இவற்றுக்கே உதவி அதிகம் தேவை, ஏனென்றால் கட்டடத்துக்கும் வயதாகிவிட்டது, குடியிருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் சொல்வதால், இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்ற முடிவும் இவர்கள் முன் நிற்கிறது. அதை பில்டர் கொண்டுவரும் திட்டத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. கட்டடத்தின் நிலையைத் தெரிந்த, பில்டரிடம் சம்பளம் வாங்காத ஒருவரின் கருத்து கையில் இருக்க வேண்டும். ஒரே தெருவில் இருக்கும் பத்துக் கட்டடங்கள் சேர்ந்து ஒரு மேலாளரை அமர்த்தினால் எண்பது, நூறு வீடுகள் ஆகிவிடும். தொட்டி சுத்தம் செய்பவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், தணிக்கையாளர் எல்லோரிடமும் மொத்தமாகப் பேசி விலை பெறலாம். 10 வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023-இல் அரசு குறைத்ததே, அந்தக் கட்டணப் பிரிவுக்கு நம் கட்டடத்தின் இணைப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் இருப்பார்.

அரசிடம் நான் கேட்பது ஒன்றே. பிரான்சில் தொழில்முறையாகக் குடியிருப்பை நிர்வகிப்பவர் அதற்கான உரிம அட்டை இல்லாமல் செயல்பட முடியாது. ஜெர்மனி தன் சட்டத்தை 2020-இல் திருத்தி, தேர்வு எழுதிச் சான்று பெற்ற நிர்வாகியைக் கேட்கும் உரிமையை உரிமையாளர்களுக்குக் கொடுத்தது. வீட்டு விற்பனை முகவர்கள் நம் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கும்போது, விற்ற பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தக் கட்டடத்தையும் அதன் பணத்தையும் கையாளுபவர்களுக்கும் ஒரு பதிவேடும், குறைந்தபட்சத் தகுதியும், புகார் கேட்கும் இடமும் இருக்க வேண்டும். பாலிடெக்னிக் கல்லூரிகளில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பாக இதைத் தொடங்கினால் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் தெருவிலோ பகுதியிலோ சில கட்டடங்கள் சேர்ந்து ஒரே மேலாளரை வைத்துக்கொண்டிருந்தால், அவருடைய பொறுப்புகளை எப்படி எழுதிக்கொண்டீர்கள், கட்டணத்தை வீட்டுக் கணக்கில் பிரித்தீர்களா, சதுர அடிக் கணக்கில் பிரித்தீர்களா, வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களிடம் எப்படி ஒப்புதல் வாங்கினீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் விரிவாக எழுதுங்கள். எங்கள் தெருவில் ஐந்து கட்டடங்களின் செயலாளர்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம். வரைவு ஒப்பந்தம் எழுதும்போது அந்த அனுபவங்கள் எங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.