சூப்பர் எரிமலையும் அரிசி மூட்டையும்

போன வாரம் சித்தி போன் பண்ணி, "அமெரிக்காவுல ஏதோ எரிமலை வெடிக்கப் போகுதாமே, உன் தங்கச்சி அங்கதானே இருக்கா?" என்று கேட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவின் வேலை. யெல்லோஸ்டோன் என்ற சூப்பர் எரிமலைக்கு, அதாவது மிகப் பிரமாண்டமாக வெடிக்கக்கூடிய எரிமலைக்கு, கெடு முடிந்துவிட்டதாம், எந்த நேரமும் வெடிக்குமாம். அங்கே பெரிய வெடிப்புகள் நடந்தது 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இடைவெளியைக் கணக்குப் போட்டால்கூடக் கெடு முடியவில்லை. எரிமலை காலண்டர் பார்த்து வெடிப்பதும் இல்லை. ஒரு ஆண்டில் அப்படி வெடிக்க வாய்ப்பு சுமார் 7 லட்சத்தில் ஒன்று என்கிறது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம். தங்கச்சி நிம்மதியாகத் தூங்கட்டும் சித்தி என்றேன்.

ஆனால், மொத்த விஷயத்தையும் புரளி என்று தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. காரணம், ஆந்திராவில் கர்நூல் பக்கம் இருக்கும் ஜ்வாலாபுரம். சில வருஷம் முன்பு ஒரு நண்பரோடு போயிருந்தேன். செம்மண்ணுக்கு நடுவில் வெளேரென்று ஒரு பட்டை. கிள்ளி எடுத்தால் விபூதி மாதிரி இருக்கிறது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறக்கிறது. விறகுச் சாம்பல் இல்லை அது, பொடிப்பொடியான கண்ணாடித் துகள். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு சுமத்ராவில் தோபா என்ற சூப்பர் எரிமலை வெடித்தபோது, 2,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து விழுந்தது. வானத்திலிருந்து விழுந்தது சில சென்டிமீட்டர்தான். மிச்சத்தை மழைநீர் அடித்து வந்து பள்ளத்தில் சேர்த்ததில், சில இடங்களில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. அந்தப் பட்டைக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரிக் கல் கருவிகள் கிடைத்ததாக தொல்லியல் ஆய்வாளர்கள் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் குழு 2007இல் எழுதியது. அதாவது, இங்கே மனிதர்கள் அதற்குப் பிறகும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, இடம் மாறி மாறிப் பிழைத்தவர்கள். எண்ணூறு கோடிப் பேர் வயலை நம்பி இருக்கும் உலகம் அப்படி இடம் மாற முடியாது.

எரிமலை என்றதும் எல்லோருக்கும் நெருப்புக் குழம்புதான் ஞாபகம் வருகிறது. சாம்பல் அதைவிட ரொம்ப தூரம் போகும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்த அன்றே புயல் மழையும் வந்தது. நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்துதான் பலர் செத்தார்கள். அது சூப்பர் எரிமலையே இல்லை, தோபாவுக்கு முன்னால் சின்னப் பிள்ளை. அதுவே உலக வெப்பத்தை அரை டிகிரி போல இறக்கியது. எரிமலை கக்கும் கந்தக வாயு மழைமேகத்துக்கும் மேலே போய்விடுவதால் மழை அதைக் கழுவ முடியாது. ஒன்றிரண்டு வருஷம் வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கும்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா. மறு வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி கொட்டியது. ஐரோப்பாவில் விளைச்சல் போய், ரொட்டிக்குக் கலவரம். சீனாவின் யுன்னானில் குளிரில் நெல் விளையாமல் பஞ்சம். தோபா அளவு வெடிப்பை நம் காலத்தில் யாரும் பார்க்கப் போவதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் தம்போரா அளவு ஆயிரம் ஆண்டில் ஓரிரு முறை வருகிறது. என் பயம் அதுதான்.

சரி, என்ன தயாராக இருக்கிறோம்? பூமியில் விண்கல் மோதும் ஆபத்தைத் தடுக்க ஒத்திகையாக, 2022இல் நாசா 30 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ஒரு விண்கல்லை விண்கலத்தால் மோதி நகர்த்திக் காட்டியது. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நில அதிர்வுமானிகூட இல்லாத எரிமலைகள் இன்றும் நிறைய இருக்கின்றன. பினாட்டுபோவில் இரண்டே மாதம் கருவி வைத்துக் கவனித்ததில் பல்லாயிரம் பேரை முன்கூட்டியே வெளியேற்ற முடிந்ததே!

அப்புறம் சோறு. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. அன்று ராத்திரி தங்கச்சி டெக்சாஸிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். கடையில் வரிசை, அவள் கார் டிக்கியில் ஆறு மூட்டை பொன்னி. "எல்லாரும் அள்றாங்க அண்ணா, நானும் அள்ளிட்டேன்" என்றாள். ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு உத்தரவுக்கே இந்தப் பாடு. அடுத்தடுத்து இரண்டு போகம் பல நாடுகளில் பொய்த்தால்? அரிசி, கோதுமை விற்கும் நாடுகள் அப்படியொரு காலத்திலும் கதவை மூட மாட்டோம் என்று இப்போதே, கிடங்கு நிறைந்திருக்கும்போதே, ஒப்பந்தம் போட வேண்டும். வெடித்த பிறகு பேச உட்கார்ந்தால் எந்த அமைச்சராலும் ஒரு மூட்டையைக்கூட வெளியே விட முடியாது, சொந்த ஊர்க்காரர்களே விட மாட்டார்கள்.