ரத்த வங்கி ஓசி கிளினிக் இல்லை

சிங்கப்பூரில் எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு போஸ்டர் வந்தது. அடுத்த மாதம் ரத்ததானம், எல்லோரும் வாருங்கள் என்று. நல்ல விஷயம். ஆனால் அடியில் பெரிய எழுத்தில் இப்படி ஒரு வரி: "எய்ட்ஸ், மஞ்சள் காமாலை எல்லாவற்றுக்கும் இலவசப் பரிசோதனை!" அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போட்டவர் நல்ல மனிதர். ஓசி என்றால் நம் ஆட்களுக்குக் கால் தானாக நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வரி, யார் வரக்கூடாதோ அவர்களைத்தான் முதலில் இழுத்துக்கொண்டு வரும். மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கோ எதையோ செய்துவிட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் தூக்கம் கெட்டுக் கிடப்பவர் இருக்கிறாரே, அவர். டாக்டரிடம் போய் வாயைத் திறக்கக் கூச்சம். ரத்த வங்கியில் எப்படியும் சோதிப்பார்கள், ஒன்றுமில்லை என்றால் நிம்மதி என்று கணக்குப் போடுவார்.

வைரஸ் உடம்புக்குள் போன மறுநாளே எந்தச் சோதனையிலும் மாட்டாது. காமாலைக்குக் காரணமான கல்லீரல் கிருமிகளில் ஒன்று ஹெப்படைட்டிஸ் பி. சாதாரணச் சோதனை தேடும் அதன் மேலுறைப் புரதம் ரத்தத்தில் தென்படச் சராசரியாக ஐந்து வாரம் ஆகும். வைரஸின் மரபணுவையே தேடிப் பிடிக்கும் ‘நாட்’ சோதனை வந்த பிறகு அந்த இடைவெளி சுருங்கியது. ஹெப்படைட்டிஸ் சி என்ற இன்னொரு கல்லீரல் கிருமிக்கு இரண்டு மாதம் போல இருந்தது ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது. ஹெப்படைட்டிஸ் பி விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது நிதானமாகப் பெருகுகிற கிருமி, நாட் சோதனைக்கும் சில வாரம் தண்ணி காட்டும். அந்தச் சில வாரத்தில் கொடுக்கும் ஒரு பை ரத்தம் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிந்து மூன்று பேருக்குக்கூடப் போகலாம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானே ரத்தம் கொடுக்கக்கூடாத பக்கத்து ஆள்.

1979இல் பிறந்தேன், வீட்டில் கடைக்குட்டி. தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருந்தபோது முகாமில் எல்லோரோடும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தேன். மைலோவும் பிஸ்கட்டும் தந்தார்கள், அரைநாள் ஓய்வு வேறு. சில வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம். ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள், இனி ரத்தம் கொடுக்க வேண்டாம். தினமும் ஓடிக்கொண்டிருந்த பத்தொன்பது வயசுப் பையன் நான். கண்ணில் மஞ்சள் இல்லை, சோர்வு இல்லை. காமாலை என்றால் கண் மஞ்சளாக வேண்டும், கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போய்விடும் என்பதுதானே நம் வீட்டு வைத்தியம்?

அம்மா மறுநாளே எனக்கென்று ஒரு சில்வர் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். சிவப்பு நகப்பூச்சால் அடியில் ஒரு புள்ளி. கழுவுவதும் தனியாகத்தான். (சேர்ந்து சாப்பிடுவதால் இது ஒட்டாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் வழி.) டாக்டர் வீட்டில் எல்லோரையும் பார்க்கச் சொன்னார். அம்மாவுக்கும் இருந்தது. பெரும்பாலும் பிறக்கும்போதே எனக்கு வந்திருக்கும் என்றார் டாக்டர். இங்கே பச்சைக் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி 1985இல் கிருமி உள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்கும், 1987இல் எல்லாக் குழந்தைகளுக்கும் வந்தது. நான் அதற்கு முந்திவிட்டேன். அன்று இரவு அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தப் புள்ளி டம்ளரில்தான் அவரும் தண்ணீர் குடித்தார்.

என்னுடையதாவது சாதாரணச் சோதனையிலேயே மாட்டிய கேஸ். இதைவிடக் கள்ளத்தனமான வகை ஒன்று உண்டு. எப்போதோ வந்து ஆறியது போல் இருக்கும், மேலுறைப் புரதம் தென்படாது, ஆனால் வைரஸின் மரபணு கல்லீரல் அணுக்களின் கருவுக்குள் சுருண்டு படுத்திருக்கும். ரத்தத்தில் கொஞ்சூண்டு கசியும், ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. பழைய தொற்றின் எதிரணு (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) இருக்கிறவர்கள் எல்லோரையும் தள்ளிவிட்டால் ஆயிற்றே என்பீர்கள். அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும். நம் ஆசியப் பக்கம் முந்தைய தலைமுறையில் ஏகப்பட்ட பேருக்கு அந்த எதிரணு இருக்கும். அத்தனை பேரையும் தள்ளினால் ரத்தத்துக்கு எங்கே போவது?

ஆக, இயந்திரம் விடுகிற ஓட்டையை அடைக்க மிச்சம் இருப்பது ஒரு காகிதம்தான். ஊட்ராம் ரத்த வங்கியோ தோபி காட் ரத்த வங்கியோ, எங்கே போனாலும் ஊசிக்கு முன்னால் நிரப்பச் சொல்லும் கேள்வித்தாள். பாலுறவு, ஊசி, பச்சை குத்தியது என்று சங்கடமான கேள்விகளாகத்தான் இருக்கும். பக்கத்தில் கூட வேலை செய்கிறவர் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பொய் சொல்வது இங்கே சட்டப்படி குற்றம். வெட்கமாக இருந்தால் "இன்றைக்கு உடம்பு சரியில்லை" என்று எழுந்து வந்துவிடுங்கள், யாரும் துருவ மாட்டார்கள். கொடுத்த பிறகு மனசு உறுத்தினாலும் வங்கிக்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் பிரிட்டனைப் பாருங்கள். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை அங்கே அசுத்த ரத்தத்தாலும் ரத்தப் பொருள்களாலும் ஹெச்ஐவி, ஹெப்படைட்டிஸ் சி தொற்றியவர்கள் 30,000க்கும் மேல். விசாரணை அறிக்கை 2024இல்தான் வந்தது.

சோதித்துப் பார்க்க வேண்டுமா, பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், இல்லையென்றால் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக். குறிப்பாக 1987க்கு முன் பிறந்தவர்களும், ஊரில் பிறந்து இங்கே வந்தவர்களும். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, ஸ்கேன் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன், அவ்வளவுதான்.

போஸ்டர் போட்டவருக்குத் தனியாக எழுதினேன்: "அண்ணே, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க." என் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் புது போஸ்டர் வந்தது. அந்த வரி இருந்த இடத்தில், "மைலோ, பிஸ்கட் உண்டு."