எரேமியா 29:11-க்கு ஒரு வசனம் முன்னால்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்காமல் வீடு திரும்புகிறவர்கள் எங்கள் சபையில் அபூர்வம். கையில் வருவது எரேமியா 29:11 என்றால் முகம் மலர்ந்துவிடும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எனக்கும் பிரியமான வசனம்தான். ஆனால் அதற்கு முந்தைய பத்தாம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருடம் நிறைவேறிய பிறகே உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறது அது. அங்கே சிறைப்பட்டிருந்து அதைக் கேட்ட யூதப் பெரியவர்களில் பலருக்கு, எருசலேமை இனிப் பார்க்கவே போவதில்லை என்று அர்த்தம்.

கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜா எகொனியாவோடு தச்சர்களையும் கொல்லர்களையும் சேர்த்துச் சிறைபிடித்துப் போனான். அவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் இது. ஒரு அதிகாரம் முன்னால் போனால் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும் என்கிறார்; பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிறகு எல்லோர் முன்னிலையிலும் உடைத்தும் போடுகிறார். எரேமியா முதலில் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் ஆசைதான், பாவம். ஆசைப்பட்டதையெல்லாம் கர்த்தர் சொன்னதாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று தொலைக்காட்சியைத் திருப்பினால் அனனியாக்களுக்குக் குறைவில்லை. இந்த மாதம் கடன் தீரும், இந்த உபவாசக் கூட்டத்தோடு வியாதி போகும். போகாவிட்டால் பழி வியாதிக்காரர் தலையில் விழுகிறது: விசுவாசம் போதவில்லையாம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தபோது, குளியலறைச் சுவரில் பிடித்து நடக்க ஒரு கைப்பிடி பொருத்தினோம். ஜெபிக்க வந்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எழுந்து நடப்பார் என்று நம்புகிறவர்கள் இதை எதற்குப் பொருத்துகிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. எரேமியாவைக் கேட்டிருந்தால், இன்னொரு கைப்பிடியும் போடு என்றிருப்பார். கடிதத்தில் அவர் சொல்வது அதுதானே? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். விடுதலை வருமட்டும் வாழ்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள்.

பொறுமை என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். வாய்மூடிச் சகித்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று தாவீதே கேட்டிருக்கிறார்; யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். அவர்மேல் குற்றம் சாட்டி நியாயம் பேசிய நண்பர்கள்மேல்தான் கர்த்தருக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டிலும் அழுகை உண்டு, எரிச்சல் உண்டு, மருந்துக்கடைப் பாக்கியும் உண்டு.

ஆனாலும் சமாதானம் இருக்கிறது. அது எந்த வழியாக வந்தது என்று யோசித்தால், அதே கடிதத்தின் ஏழாம் வசனம்தான் நினைவுக்கு வருகிறது: நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும். பிடித்துக்கொண்டு போனவனின் ஊருக்காக ஜெபிப்பது சாதாரண விஷயமா? அப்பா ஆரம்பத்தில் தன் கைகாலுக்காக மட்டுமே ஜெபித்தார். இப்போது பயிற்சி கொடுக்க வரும் பெண்ணின் தேர்வுக்காக, எதிர்வீட்டுத் தகராறு தீர்வதற்காக, தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருவதற்காக என்று பட்டியல் நீண்டுவிட்டது. பேச்சு குழறும், ஜெபம் முடிய நேரமாகும், காபி ஆறிவிடும். கை இன்னும் சரியாகவில்லை. ஆனால் முன்பிருந்த சிடுசிடுப்பு பெரும்பாலும் போய்விட்டது. மருந்தின் பலனோ என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அதையும் கர்த்தர் கொடுத்ததாகத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

சபை மூப்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சாட்சி சொல்லச் சுகமானவர்களையும் வேலை கிடைத்தவர்களையும் மட்டுமே அழைக்கிறீர்கள். இன்னும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவரையும், வரன் அமையாத மகளின் தாயையும் அழைத்து ஒலிவாங்கியைக் கொடுங்கள். அவர்களிடமும் சாட்சி இருக்கிறது.